பிழைக்காது என்று எழுதியவன்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு எப்போதோ வழங்கப்பட்டு நிறைவேற்றப்பட்டும் விட்டது. அதை எழுதியவன் நான். வாதமும் முடிந்துவிட்டது, இரு தரப்புக்கும் நானே பேசித் தீர்த்துவிட்டேன். நடந்ததைக் கேட்டோம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் உங்களை அழைக்கிறேன்.

சென்ற மாதம், கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

“சார், ஒரு டிவிஷனுக்கு வயபிலிட்டி ரிப்போர்ட் எழுதணும். அந்தக் காலத்துல மூணாம் டிவிஷனுக்கு நீங்கதான் எழுதுனீங்களாம். சூப்பர் ரிப்போர்ட்னு ஆபிஸ்ல எல்லாரும் சொல்றாங்க. காப்பி இருக்கா சார்?”

“இருக்கிறது,” என்றேன்.

“அப்ப வாட்ஸ்ஆப்ல போட்டு விடுங்க லா சார். ஃபார்மட் மட்டும் போதும்.”

நான் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அந்த அறிக்கையின் வடிவத்தில் ஒரு குறையும் கிடையாது. குறையே இல்லாத வடிவத்தில் ஒரு பொய்யை எவ்வளவு வசதியாகக் குடியேற்றலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த மாதிரி இந்த நாட்டுத் தோட்டங்களில் கிடைக்காது என்றே நம்புகிறேன்.

வயபிலிட்டி என்ற சொல்லை நான் என் வேலைக்காலத்தில் மூன்று இடங்களில் கேட்டேன். விதைக்கும் மகரந்தத்துக்கும் ஆய்வறையில் கேட்டேன். குறைமாதக் குழந்தைக்குத் தோட்ட மருந்தகத்தில் கேட்டேன். மனிதர் குடியிருக்கும் இடத்துக்குத் தோட்ட மேலாளரான துரையின் ஆபிசில் கேட்டேன். மூன்று இடங்களிலும் கேள்வி ஒன்றுதான்: இது பிழைக்குமா? மூன்று இடங்களிலும் கேள்வி கேட்டவர், தாம் பிழைப்பதைப் பற்றி ஐயமே இல்லாதவர்.

என்னைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புக்கிட் ரோத்தானுக்கு அருகில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஒரு லயத்தில் பிறந்தேன். பள்ளியிறுதி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தேன். பேசத் தெரிந்தவன் என்ற பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது. வட்டார இளைஞர் மன்றங்களின் பட்டிமன்றங்களில் எந்தத் தரப்பைக் கொடுத்தாலும் வெல்வேன். காலையில் ஒரு தரப்பில் வென்று, மாலையில் எதிர்த் தரப்பில் நின்று என்னையே தோற்கடித்ததும் உண்டு. அதைப் பெருமையாக நினைத்தேன். எங்கே நிறுத்தினால் கைதட்டல் விழும், எங்கே குரலைத் தாழ்த்தினால் கூட்டம் கழுத்தை நீட்டும் என்பதெல்லாம் எனக்கு இருபத்திரண்டு வயதில் அத்துபடி. எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து ஆய்வறையில் உதவியாளன் வேலை கிடைத்தது. ஓராண்டுப் பயிற்சியில் நான் கற்றது முழுவதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: எண்ணு, மறுபடி எண்ணு, பிறகு எழுது.

அந்த வாக்கியம் என் மேலதிகாரி குணரத்தினம் ஐயாவுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் பேச்சு அவர் நாவில் கடைசிவரை ஏறவில்லை. நுண்ணோக்கியைத் தொடுமுன் முழங்கைவரை கழுவுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்புப் பெட்டியின் பக்கத்தில் வைப்பார். சோதனைப் புத்தகத்தில் முதல் எண்ணிக்கையை எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். இரண்டாம் முறை எண்ணி, இரண்டும் ஒத்து வந்த பிறகே பேனாவின் மூடி திறக்கும். யாராவது தவறு செய்தால் திட்டமாட்டார். புத்தகத்தைத் தவறு செய்தவர் பக்கம் திருப்பி, பென்சிலை அதன்மேல் குறுக்காக வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தப் பென்சில் விழும் சின்னச் சத்தத்துக்கு நான் எந்தப் பட்டிமன்ற நடுவருக்கும் பயந்ததைவிட அதிகம் பயந்தேன்.

எங்கள் வேலை மகரந்தம். அப்போது இளம் செம்பனை மரங்களில் காய் பிடிக்க மனிதக் கை வேண்டும். ஆண் பூக்குலையை வெட்டி வந்து, உலர்த்தி, சலித்துத் தூளெடுத்து, முகப் பவுடர் போன்ற வெள்ளைத் தூளுடன் கலந்து ரப்பர் ஊதுகுழலில் அடைத்துக் கொடுப்போம். பதினெட்டுப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். பெண் பூ மலர்ந்து இரண்டு மூன்று நாள்தான் ஏற்கும். அதற்குள் மட்டைகளின் முள்ளுக்கிடையே கையை விட்டு ஊத வேண்டும். அவர்களுக்குத் தூள் கேங் என்று பெயர். எல்லோரும் மூன்றாம் டிவிஷன் லயத்தில் குடியிருந்தார்கள். தலைவி அஞ்சலை அக்கா. கணவர் இறந்து நான்காண்டு ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். தோட்டத்தில் வேலை இருக்கிறவரைதான் வீடு என்பது விதி. அவர் கையிலிருந்த ஊதுகுழல்தான் அவர் வீட்டின் சாவி.

களத்துக்குப் போகுமுன் தூள் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. சர்க்கரையும் கடற்பாசிக் கூழும், ஒரு சிட்டிகை போரிக் உப்பும் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். அதன்மேல் தூளை மெல்லத் தூவ வேண்டும். வெதுவெதுப்பான பெட்டியில் இரண்டு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், உயிருள்ள ஒவ்வொரு தூளும் தன் உடலிலிருந்து மெல்லிய ஒரு குழாயை நீட்டியிருக்கும், இருட்டில் கையை நீட்டித் தேடுகிறவரைப் போல. குழாய், தூளின் அகலத்தைவிட நீண்டிருந்தால் உயிருள்ளது. நீளாதது செத்தது. தட்டின் ஐந்து இடங்களில் எண்ணிக் கூட்ட வேண்டும்.

வேலையில் சேர்ந்த எட்டாம் மாதம் ஒரு காலை, ஐந்து இடத்திலும் ஒரு குழாய்கூட இல்லை. ஒரு வாரம் பெண்கள் வெயிலில் ஏறி இறங்கிச் சேர்த்த பூக்குலைகளின் தூள் அது. எனக்குத் துயரம் வரவில்லை. முடிவு சொல்லும் அதிகாரம் வந்ததில் ஒரு மிடுக்குத்தான் வந்தது. பேனாவைத் திறந்து, “செத்தது. எறிக,” என்று எழுதினேன். வாசலில் ஊதுகுழலுடன் நின்ற அஞ்சலை அக்காவிடம், “அக்கா, இன்னிக்கித் தூள் இல்ல. எல்லாம் செத்துப்போச்சு,” என்றேன்.

“எல்லாமா? ஒண்ணுகூடவா இல்ல?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப நீ பாத்ததுலதான் ஏதோ கோளாறு தம்பி. கொள்ள நோயே வந்தாலும் லயத்துல நாலு பேரு மிஞ்சுவான் லா.”

பெண்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து குணரத்தினம் ஐயா வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, தூள் செத்ததோ, தட்டு செத்ததோ?”

எனக்குப் புரியவில்லை.

“இண்டைக்குக் காலமை வெட்டின பூவில கொஞ்சம் எடும். அது உயிரோட இருக்கெண்டு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை உம்மட தட்டில போட்டுப் பாரும்.”

பென்சில் புத்தகத்தின்மேல் விழுந்தது.

அன்று காலை வெட்டிய பூவின் தூளை என் தட்டில் தூவினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. அவசரத்தில் சர்க்கரையை இருமடங்கு போட்டிருந்தேன். என் தட்டில் எந்த உயிரும் பிழைத்திருக்காது. புதிதாகத் தட்டு ஊற்றிப் பழைய தூளைத் தூவினேன். நுண்ணோக்கியின் வட்டம் முழுக்கக் குழாய்கள். நான் எறியச் சொன்ன தூள் அத்தனையும் உயிரோடு கைநீட்டிக்கொண்டிருந்தது.

அதன்பின் எங்கள் ஆய்வறையில் அது முறையாயிற்று. எதையும் செத்தது என்று எழுதுமுன், உயிருள்ளது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை அதே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் சாகுமானால் குற்றம் தட்டினுடையது.

மதியம் தூளை வாங்கிக்கொள்ள வந்த அஞ்சலை அக்கா என்னை விடவில்லை. “என் சின்னவள எட்டு மாசத்துல பெத்தேன். உள்ளங்கை அளவு. டிரசர் வந்து தூக்கிப் பாத்துட்டு, இது பொழைக்காதும்மா, பேரு கீரு வைக்காதன்னாரு. சுடுதண்ணிய போத்தல்ல ஊத்தி, துணியச் சுத்தி, அட்டப் பொட்டிக்குள்ள ரெண்டு பக்கமும் வச்சு நாப்பது நாளு படுக்க வச்சேன். இப்ப மூணாம் வகுப்புல வாய்ப்பாடு ஒப்பிக்குது. டிரசரும் உன்ன மாரித்தான் தம்பி, படிச்சவரு.”

டிரசர் என்பது தோட்ட மருந்தகத்தின் பொறுப்பாளர். நல்ல மனிதர்தான். அவருக்குக் கொடுக்கப்பட்ட தட்டில் சுடுதண்ணீர்ப் போத்தல் இல்லை, அவ்வளவே.

அடுத்த ஆண்டு வண்டு வந்தது. ஆண் பூக்குலையில் வாழும், அரிசிமணியைவிடச் சிறிய ஒரு பூச்சி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, ஏற்கெனவே விட்டிருந்த வேறொரு தோட்டத்திலிருந்து பிளாஸ்டிக் பைகளில் பூக்குலையோடு எங்களுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பைகளை மரங்களில் கட்டித் தொங்கவிட்டவன் நான்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டவர்கள் தூள் கேங் பெண்கள்.

“இந்தப் பூச்சியா எங்க வேலையச் செய்யப் போவுது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆமாம்.”

“பெரட்டுக்கு வந்து பேரு குடுக்குமா?” பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம்.

“லயத்துல வீடு கேக்குமான்னு கேளுடி,” என்றார் அஞ்சலை அக்கா.

நானும் சேர்ந்து சிரித்தேன். சில மாதங்களில் குலைகள் முன்னெப்போதும் இல்லாதபடி நிறைந்து காய்த்தன. பெண்கள் ஊதாத மரத்திலும் காய்த்தன. அதில் பொய்யில்லை, சூழ்ச்சியில்லை; அந்தப் பூச்சி மனிதக் கையைவிடத் திறமையானது. தூள் ஊதும் வேலை அந்த ஆண்டோடு முடிந்தது. பெண்கள் காய் பொறுக்கவும் புல் வெட்டவும் அங்குமிங்கும் அனுப்பப்பட்டார்கள். வேலை தொடருமா என்று யாரும் சொல்லவில்லை.

அதே சமயத்தில் மூன்றாம் டிவிஷனின் தண்ணீர் நின்றது. கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் பம்பு பழுதாகிவிட்டது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னிடம் சொல்லி, நான் ஆபிசில் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், சாட்சியே: செய்தியைக் கொண்டுபோனவன் நான். எழுதிக்கொண்டார்கள். லோரியில் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் வந்தது. மற்ற நாள்களில் கால்வாயின் பழுப்புத் தண்ணீரைச் சுமந்தார்கள். அனலடித்த மூன்று மாதம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்ததால், முடிந்தவர்கள் பிள்ளைகளை அசாம் ஜாவா என்ற பக்கத்து ஊரிலும் முதலாம் டிவிஷனிலும் இருந்த உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் சுமந்த பெண்கள் பெரட்டுக்குத் தாமதமாக வந்து, திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அந்த மூன்றாம் மாதக் கடைசியில் பெரிய துரை எங்கள் ஆய்வறைக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். மூன்றாம் டிவிஷன் லயங்கள் இனிப் பிழைக்கக்கூடியவையா என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை வேண்டும். எண்ணத் தெரிந்தவர்கள் நாங்கள்தானே. குணரத்தினம் ஐயா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

எண்ணினேன். பெரட்டில் ஆட்கள் எத்தனை, தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் எத்தனை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் எத்தனை. ஐந்து இடத்தில் பார்ப்பதைப் போலவே பார்த்தேன். மூன்று மாதமாக எல்லாம் சரிந்துகொண்டே வந்திருந்தன. வரைபடம் போட்டேன். கோடு கீழ்நோக்கி வழுக்கிச் சென்ற அழகை இன்றும் மறக்க முடியவில்லை. முடிவுரையில், “இப்பிரிவு தானாகப் பிழைக்கும் ஆற்றலை இழந்துவிட்டது,” என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அது நினைவுக்கே வரவில்லை. வரைபடம் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

குணரத்தினம் ஐயா படித்தார். மேசைமேல் பென்சில் சீவி வைக்கப்பட்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. துரையின் ஓட்டுநர் வாசலில் காத்திருந்தார். ஐயா நேராகப் பேனாவைத் திறந்து கையொப்பமிட்டார்.

அன்று என் நெஞ்சு நிமிர்ந்ததை உங்களிடம் மறைக்கமாட்டேன். பென்சிலே தேவைப்படாத அளவுக்கு என் அறிக்கை சிறந்திருக்கிறது என்று நினைத்தேன். மகரந்தத்துக்கு இரண்டு எண்ணிக்கை கேட்ட மனிதர், மனிதர்களுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார் என்பது அப்போது தோன்றவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவர் கைக்கடிகாரத்தை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். அதற்குமுன் அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை.

துரை என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் டிவிஷன் மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அவர்களே இணங்கிக் கையெழுத்திட்டால் எல்லோருக்கும் நல்லது. நீ நன்றாகப் பேசுவாயாமே என்றார். பத்து நிமிடம் போதுமா என்று கேட்டார்.

“ஐந்து போதும்,” என்றேன்.

விளக்க வேண்டிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தோட்டத்தில் நிரந்தர வேலையுள்ளவர்களுக்கு, முதலாம் டிவிஷனில் வீடு காலியாகும்போது தரப்படும் என்று அதில் இருந்தது. வாக்கியம் தட்டையாக இருந்தது. மேடையில் எடுபடாது. இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று அதற்கு உயிர் கொடுத்தேன்.

மாலை நான்கு மணி. மூன்றாம் டிவிஷன் பெரட்டுக் களம். ஆயாக் கொட்டகையிலிருந்து மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள், அதன்மேல் ஏறினேன். கூட்டத்துக்கு ஆட்கள் வருமுன் அஞ்சலை அக்கா மேசையருகே வந்தார். தலையில் தண்ணீர் வாளிக்குச் சுற்றிய துணி அப்படியே இருந்தது.

“தம்பி, பசியாறிட்டியா?”

“ஆச்சுக்கா.”

“எனக்கு இங்கிலீசு தெரியாது. தாளுல என்ன இருக்குன்னு எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ நம்ம லயத்துப் புள்ள. போலாமா வேணாமா, ஒத்த வார்த்த சொல்லு. போலாம்னா கையத் தூக்குறேன்.”

ஒரு வார்த்தை கேட்டார். என்னிடம் ஆயிரம் வார்த்தை தயாராக இருந்தது. “பேச்சைக் கேளுங்க அக்கா, எல்லாம் புரியும்,” என்றேன்.

பேசினேன். அந்தப் பேச்சின் நடுப்பகுதி எனக்கு இன்றும் மனப்பாடம். மறக்க முயன்றும் முடியாதது. “தாய்மார்களே! நாற்றங்காலில் ஒரு கன்று வாடினால், நாம் அந்தக் கன்றைக் கைவிடுகிறோமா? இல்லை. மண்ணை மாற்றுகிறோம். இந்த மண் களைத்துவிட்டது, நீங்கள் களைக்கவில்லை. இந்தப் பிரிவு பிழைக்காது, நீங்கள் பிழைப்பீர்கள். அதோ, முதலாம் டிவிஷன். அங்கே உங்களுக்காக வீடுகள் காத்திருக்கின்றன. குழாயில் தண்ணீர் காத்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்காகப் பெரிய பள்ளிக்கூடம் காத்திருக்கிறது!”

காத்திருக்கிறது என்பதை மூன்று முறை அடுக்கினேன். மூன்றாவதில் கைதட்டல் விழும் என்று தெரியும். விழுந்தது. காலியாகும்போது என்ற சொல்லும், நிரந்தர வேலையுள்ளவர்களுக்கு என்ற சொல்லும் அந்த அடுக்கில் அடங்கவில்லை. விட்டுவிட்டேன்.

கைதட்டல் ஓய்ந்தபோது அஞ்சலை அக்கா எழுந்தார்.

“ஒரு சந்தேகம் தம்பி. பம்ப ரிப்பேர் பண்ணிட்டா இந்த எடம் பொழைக்காதா? தண்ணி வந்தா புள்ளைங்களும் திரும்பி வந்துடும். மூணு மாசம் பாத்துட்டு அப்பறம் எண்ணலாமே.”

சாட்சியே, இங்கே நன்றாகக் கவனியுங்கள். தூள் செத்ததா, தட்டு செத்ததா? அதே கேள்வி. நுண்ணோக்கியைத் தொட்டறியாத பெண் கேட்டார். அது சரியான கேள்வி என்பது எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. என் பேச்சு கையைவிட்டு நழுவுவதை உணர்ந்தேன். எதிராளியின் வாதம் வலுவாக இருந்தால் அதற்குப் பதில் சொல்லக் கூடாது, சிரிப்பை மூட்ட வேண்டும் என்பது மேடைப் பயிற்சியின் முதல் பாடம்.

“அக்கா,” என்றேன், குரலை இழுத்து, “செத்த புருசனுக்குப் புதுச்சட்ட மாட்டுனா எழுந்து வந்துருவாரா? ஒரு பம்புக்கா நாம வாக்கப்பட்டுக் கெடக்கணும்?”

களம் சிரிப்பில் அதிர்ந்தது. அவர் விதவை என்பதும் அந்தச் சிரிப்பில் இருந்தது; அது எனக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும். அஞ்சலை அக்காவும் சிரித்தார். தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் பேசுற தம்பி,” என்று உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார். இரண்டாவது வரிசையில், ஊதுகுழலைப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை. பிறகு அதே மேசையில் தாளை விரித்தார்கள். மையைத் தொட்டுக் கட்டைவிரல்களை ஒவ்வொருவராகத் தாளில் பதித்தார்கள்.

துரை என் தோளில் தட்டினார். நான்கரை நிமிடம் என்றார்.

முதலாம் டிவிஷனில் எந்த வீடும் காத்திருக்கவில்லை. காலியான சில வீடுகள் குலை வெட்டும் ஆண்கள் இருந்த குடும்பங்களுக்குப் போயின. மற்றவர்கள் கம்பம் எனப்படும் ஆற்றோரக் கிராமத்துக்கும் வாடகை அறைகளுக்கும் சிதறினார்கள். தூள் கேங் பெண்களுக்குப் பெயர்ப்பட்டியலில் நிரந்தர வேலை எதுவும் இல்லை என்று ஆபிசில் விளக்கினார்கள். அவர்கள் வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. வீட்டை என் அடுக்குமொழி எடுத்துக்கொண்டது. அஞ்சலை அக்கா இரண்டு பெண்களோடு ரவாங்கில் தங்கை வீட்டின் பின்னறைக்குப் போனார். பெரியவள் படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எட்டு மாதத்தில் பிறந்து பிழைத்த சின்னவளைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

குணரத்தினம் ஐயா அந்த ஆண்டே வேலையை விட்டார். விடைபெறும் நாளில் சோதனைப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். பென்சிலை வைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். என்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்பது எனக்குத் தெரியாது.

இனிக் கடைசியாக ஒரு மதியம். கூட்டம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். வண்டுகள் எப்படிப் பெருகியிருக்கின்றன என்று பார்க்க ஆண் பூக்குலை வெட்ட மூன்றாம் டிவிஷனுக்குப் போனேன். லயங்கள் காலி. சில கூரைகளில் தகரம் உரிக்கப்பட்டிருந்தது. கிணற்றடியில் தோட்டத்து மெக்கானிக் ஒருவர், வேறு டிவிஷனுக்குக் கொண்டுபோவதற்காகப் பம்பைக் கழற்ற வந்திருந்தார். கழற்றுமுன் ஓடுகிறதா பார்ப்போம் என்று மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டு, கிழிந்த ஒரு தோல் வளையத்தை எடுத்து என்னிடம் காட்டினார். காதளவு இருந்தது.

“இதான் சீக்கு. வேற ஒண்ணுமில்ல.”

பையிலிருந்து ஒன்றைப் போட்டு முடுக்கி, இழுத்து விட்டார். பம்பு இருமியது, பிறகு ஓடியது. அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முடிப்பதற்குள் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் நின்ற நாளில் யாரும் குழாயை மூடியிருக்கவில்லை. எப்போதாவது வருமென்று திறந்தே வைத்திருந்தார்கள். ஆளில்லாத லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு வாசல் குழாயும் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் கொட்டியது, பிறகு தெளிந்தது.

என் தட்டு திருத்தப்பட்டுவிட்டது. தூவிப் பார்க்கத் தூள்தான் இல்லை.

அப்போது அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். மூடப்பட்ட பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சான்றிதழ் வாங்க ரவாங்கிலிருந்து வந்திருந்தார். கையில் தாள் உறை. தண்ணீர் ஓடுவதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் வீட்டின் குழாயை மூடினார். இரண்டாவது வீட்டுக்குப் போய் அதையும் மூடினார். மூன்று மாதம் கால்வாய்த் தண்ணீர் சுமந்தவருக்குத் தண்ணீர் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. யாருடைய வீடுமல்லாத வீடுகளின் குழாய்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனார். நான் பின்னாலேயே நடந்தேன்.

தன் வீட்டு வாசலில் மட்டும் நின்றார். குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

“நல்ல தண்ணி,” என்றார் என்னைப் பார்க்காமல். “இப்ப கையத் தூக்கச் சொன்னா தூக்க மாட்டேன் தம்பி.”

சாட்சியே, அன்று நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றியும் இருக்கிறேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. அதன்பின் என்னிடம் யாரும் அறிக்கை கேட்கவில்லை. அடுத்தடுத்து டிவிஷன்கள் மூடப்பட்டபோது பேச்சாளனே தேவைப்படவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் போதுமாயிருந்தது. என் வாக்கு எந்த வீட்டையும் காக்கவில்லை. இளம் அதிகாரிக்கு நான் தராவிட்டாலும் அந்த வடிவம் வேறெங்காவது கிடைத்திருக்கும். ஆயினும் அந்த வாக்கைக் கேட்டவர்கள் இருவர்தான்: புகைத்துக்கொண்டிருந்த மெக்கானிக், குழாயை மூடிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா. மூன்றாவதாக நீங்களும் கேளுங்கள்.

அஞ்சலை அக்கா அடுத்த குழாய்க்கு நகர்ந்தார். மேடைக் குரலில்லாமல், என் லயத்துப் பேச்சில், அவர் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்:

“அக்கா, இனிமே எந்த உசுரையும் எந்த எடத்தையும் பொழைக்காதுன்னு நான் எழுத மாட்டேன், பேச மாட்டேன். அங்க தண்ணி வந்துச்சான்னு மொதல்ல கேப்பேன்.”